முறிகண்டியில் எஞ்சினை நிறுத்தாத ஓவசியர்

ஆனையிறவுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஓவசியரைப் போல மோட்டார் சைக்கிளைப் பராமரித்தவர் ஒருவருமில்லை. அதில் ஏறி எங்கேயும் போகாதவரும் அவரைப் போல ஒருவருமில்லை. உருத்திரபுரத்தில் நாங்கள் காடு வெட்டி வயல் ஆக்கிக்கொண்டிருந்த காலத்தில், வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பாக அரசாங்கம் அனுப்பிய மனிதர் அவர். பெயர் என்னவென்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு ஓவசியர்.

வாய்க்கால் பார்க்கச் சைக்கிளில் போவார். கிளிநொச்சிச் சந்தைக்கு பஸ்ஸில் போவார்.

"மோட்டசைக்கிள் எங்க ஐயா?" என்று நான் வேலிக்கு மேலால் கேட்பேன்.

"உந்தக் கிறவல் றோட்டில ஆரும் அதை ஓடுவானோ? டயர் தேஞ்சு போம்."

மழை பெய்தால் துருப்பிடிக்கும். வெயிலெறித்தால் பெயிண்ட் வெளுக்கும். பனிக்கு எஞ்சினுக்குத் தடிமன் பிடித்துத் தும்மும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதை நான்தான் சொல்லித் திரிந்தேன்.

உலகச் சண்டை முடிந்து போன வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலத்தில் விட்ட சாமான் அது. "இது பாலைவனமெல்லாம் ஓடினது, தெரியுமோ?" என்று ஓவசியர் நெஞ்சை நிமிர்த்துவார். பாலைவனம் ஓடினதை நாங்கள் காணவில்லை. அவருடைய முற்றத்தைத் தாண்டினதையும் காணவில்லை.

சனிக்கிழமைதான் எங்களுக்குத் திருவிழா. விடிந்ததும் முற்றத்தில் பாயை விரித்து, மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்தி, அதைக் கழற்றத் தொடங்குவார். ஆணிகளைச் சிரட்டை சிரட்டையாகப் பிரித்து வைப்பார். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டித் துடைப்பார். தன் தலைக்கு எண்ணெய் வைத்து முழுக மறந்தாலும் சங்கிலிக்கு எண்ணெய் வைக்க மறக்கமாட்டார். பொழுது சாயிற நேரம் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடிய, ஒரு சிரட்டையில் இரண்டு ஆணி மிச்சம் இருக்கும்.

"ஐயா, உது ரெண்டும் எங்கத்தையான்?"

"வெள்ளைக்காரன் பயந்தவனடா தம்பி. எல்லாத்திலயும் ரெண்டு ஆணி கூடத்தான் போடுவான்."

இப்படியே சனிக்கு இரண்டாகக் கழிந்துகொண்டு போனால் கடைசியில் ஹாண்டிலை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடப்போகிறார் என்று சின்னராசா சொல்லுவான். சின்னராசா என் சிநேகிதன். நானும் அவனும் ஐந்தாம் வகுப்பைச் சேர்ந்தே விட்டவர்கள்.

இவ்வளவு பராமரிப்பும் எதற்கென்றால், தூரப் பயணத்துக்கு. மட்டக்களப்புக்கு. ஓவசியரின் மனைவி அந்த ஊர்க்காரி. எங்களுக்கு அக்கா. எங்களையெல்லாம் அவர் தன் ஊர் வழக்கத்தில் "மனே" என்றுதான் கூப்பிடுவார். கலியாணம் கட்டி இங்கே வந்து ஆறு வருசம், தாய் வீட்டு வாசலை ஒரு தரமும் மிதிக்கவில்லை. பஸ்ஸில் போவோம் என்று கேட்டால் ஓவசியருக்கு மானம் போய்விடும்.

"மோட்டசைக்கிள் வைச்சிருக்கிறவன்ர பெண்சாதி பஸ்ஸில போறதோ? கொஞ்சம் பொறும். அது ஆயத்தமாகட்டும். ரெண்டு பேருமாச் சேந்து ராசா ராணி மாதிரிப் போவம்."

அது ஆயத்தமான விதத்தைச் சொல்லுகிறேன். முதல் வருசம் காற்றுக்கு மறைப்பாக முன்னுக்கு ஒரு கண்ணாடி பூட்டினார். அது பலசரக்குக் கடைக்காரர் கழித்து எறிந்த அலுமாரியின் கதவு. இரண்டாம் வருசம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிஸ்கட் தகரம், ஒன்றில் சாவியும் குறடும், மற்றதில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போக. பிறகு குடை செருக ஒரு குழாய். அரிக்கன் லாம்பு கொழுவ ஒரு கொளுக்கி. பின்னுக்கு வருகிறதைப் பார்க்க நாலு கண்ணாடி. எந்தப் பக்கம் திருப்பிப் பூட்டினாலும் நாலிலும் அவருடைய மீசைதான் தெரிந்தது.

போகிற வழியில் ஹபரணைக் காட்டில் யானை வரும் என்று யாரோ சொல்ல, கோயிலில் அடிக்கிற சேமக்கலம் ஒன்றை வாங்கிவந்து பின்பக்கம் கட்டித் தூக்கினார்.

"யானை வந்தா என்ன செய்வியள் ஐயா?"

"நான் ஓடுவன். அவா அடிப்பா."

எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து அக்காவின் ஆசனம். தூரப் பயணத்தில் இடுப்பு, நாரி எல்லாம் நோகுமாம். அக்கா குசினியில் இருந்து வெங்காயம் உரிக்கிற கதிரையின் நாலு காலையும் அரிந்துபோட்டு, கையும் முதுகுமாக அப்படியே பின் சீற்றில் பூட்டினார். அவருக்கும் கதிரைக்கும் நடுவில் றங்குப்பெட்டி. இரண்டு பேரும் சேர்ந்து போகிற வண்டிதான். ஒருவரை ஒருவர் தொடவும் ஏலாது, பார்க்கவும் ஏலாது.

ஆறாம் வருசம் வைகாசியில் அக்காவின் தங்கைக்குக் கலியாணம் பேசியாயிற்று என்று கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். ஓவசியர் கடிதத்தை வாசித்துவிட்டு, "பின் மட்காட்டுக்கு ஒரு கை பெயிண்ட் அடிச்சா நல்லது" என்றார். அக்கா குசினிக்குள் இருந்து வெளியே வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இஞ்சாருங்க. புதன்கிழமை விடியப் புறப்படாட்டி நான் பஸ் ஏறுவன். ஏறினாத் திரும்பி வரமாட்டன். நீங்க உந்த இரும்போட குடும்பம் நடத்துங்க."

பெயிண்ட் அடிபடவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். அந்தச் சாமான் தள்ளினால்தான் ஸ்ராட் வரும். அதுவும் நாலு பேர் வீட்டிலிருந்து வாய்க்கால் பாலம் வரும் மட்டும் தள்ளவேண்டும். ஆகவே ஓவசியர் ஒரு சட்டம் போட்டார்: ஒருதரம் ஸ்ராட் வந்தால் வவுனியா போய்ச் சேரும் மட்டும் எஞ்சினை நிறுத்துவதில்லை.

"அப்ப முறிகண்டி?" என்றார் அக்கா.

கண்டி றோட்டில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரை நிற்காமல் தாண்டிப் போகாது. பஸ், லொறி, பெரிய துரைமாரின் கார், எல்லாம் நின்று, இறங்கி, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு சுருள் வறுத்த கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டுதான் போகும்.

"பிள்ளையார் பெரிய மனுசன். விளங்கிக்கொள்ளுவார்" என்றார் ஓவசியர்.

"உடைக்காமல் நான் ஒரு அடி போகமாட்டன்."

கடைசியில் என்னையும் சின்னராசாவையும் புதன் காலை சைக்கிளில் முன்னுக்கே முறிகண்டிக்கு அனுப்பினார், தற்செயலாக எஞ்சின் நின்றால் தள்ள. தள்ளுவதற்கு ஆளை முன்கூட்டியே அனுப்பி வைத்துப் பயணம் போன மனிதரை நீங்கள் வேறெங்கும் காணமாட்டீர்கள்.

வண்டி வருமுன்னம் சத்தம் வந்தது. பிறகு புகை வந்தது. பிறகுதான் ஓவசியர் வந்தார். குடை, லாம்பு, சேமக்கலம், தகரம், பெட்டி எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வர, உச்சியில் கதிரையில் அக்கா, பட்டுச்சேலையும் கையில் பையுமாக, சப்பறத்தில் வந்த அம்மன் போல.

"இறங்கும்! கெதியா உடைச்சுப்போட்டு வாரும்! நான் சுத்திக்கொண்டு நிக்கிறன்!"

அவர் வேகத்தைக் குறைக்க அக்கா குதித்தார். பையை என் கையில் தந்துவிட்டுத் தேங்காய் வாங்க ஓடினார். ஓவசியர் எஞ்சினை நிறுத்தாமல் கோயில் முன்றலில் வட்டமடித்தார். கச்சான் விற்கிற பெண்கள் சுளகைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒரு பஸ்ஸில் வந்த கிழவர், "என்ன நேர்த்திக்கடனப்பா உது?" என்று கைகூப்பினார்.

அக்கா உடைத்த முதல் தேங்காய் அழுகல். அழுகல் தேங்காயோடு யார் தங்கை கலியாணத்துக்குப் போவார்? இன்னொன்று வாங்கப் போனார். ஓவசியர் ஐந்தாவது சுற்றில் கத்தினார்: "ஏறிட்டாவோ?"

இந்த இடத்தில் என் நாக்கில் சனி இருந்தது. வண்டி பக்கத்தால் வர, கையிலிருந்த பையைக் கதிரையில் தொம் என்று போட்டேன்.

"ஓம் ஐயா, போங்கோ!"

நூறு யார் தூரம் போய்த் திரும்புவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. ஓவசியர் பாலைவனத்தில் போன வேகத்தில் போனார். புகை அடங்கியபோது றோட்டில் ஒன்றும் இல்லை.

அக்கா கையில் தேங்காய்ப் பாதியும் நெற்றியில் திருநீறுமாக வந்தார்.

"எங்க மனே அவர்?"

முன்றல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். அக்கா றோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். கால் மணித்தியாலம் போயிற்று. வண்டி வரவில்லை.

"அந்த இரும்பை ஒருநாளும் மறக்காத மனுசன், என்னை மறந்திட்டுது பாத்தியா?" என்று மெதுவாகச் சொன்னார். "நான் வவுனியாவில பஸ் ஏறித் தனியப் போறன். போனது போனதுதான்."

சின்னராசா என் விலாவில் இடித்தான். "உன்னாலதான்ரா ஒரு குடும்பம் பிரியுது."

நெல் மூட்டையோடு வவுனியாவுக்குப் போகிற லொறி ஒன்று தேங்காய் உடைக்க நின்றது. சைக்கிள்களைக் கச்சான்காரியிடம் விட்டுவிட்டு, அக்காவைச் சாரதிக்குப் பக்கத்தில் ஏற்றி, நாங்கள் மூட்டைக்கு மேல் ஏறினோம். மாங்குளம் வந்தது, போனது. ஆளைக் காணவில்லை. எப்படி உண்மையைச் சொல்வதென்று நான் நெல்லுக்கு மேல் இருந்து யோசித்தேன். படித்திருந்தால் ஒரு நல்ல பொய்யாவது வந்திருக்கும்.

மாங்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், காட்டு றோட்டின் நடுவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் வடக்கே ஓடி வந்துகொண்டிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு. லொறிக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றது.

ஓவசியர்.

"தம்பி, முறிகண்டிக்குத் திருப்பு! என்ர மனுசி அங்க தனிய நிக்கிறா!"

"லொறிக்குள்ள இருக்கிறா ஐயா" என்றார் சாரதி.

ஓவசியர் எட்டிப் பார்த்தார். அப்படியே றோட்டில் குந்திவிட்டார். மேல் முழுக்க வேர்வை. பிறகுதான் கதை வெளியே வந்தது. எருமைக் கூட்டம் ஒன்று றோட்டைக் கடக்க, "சேமக்கலத்தை அடியும்!" என்று கத்தியிருக்கிறார். அடி விழவில்லை. திரும்பிப் பார்த்தால் கதிரையில் பை இருந்தது.

அக்கா இறங்கி வந்தார். "மோட்டசைக்கிள் எங்க?"

"அங்க எங்கயோ கிடக்குது."

"எஞ்சின்?"

"நிப்பாட்டிப்போட்டன். தனியத் தள்ளிப் பாத்தன், வரேல்லை. விட்டிட்டு ஓடி வாறன்."

முற்றத்திலேயே இரண்டு பூட்டுப் போட்டு வைக்கிற சாமானை, காட்டு றோட்டில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அக்கா தன் சேலைத் தலைப்பால் அவருடைய முகத்தைத் துடைத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஐயா, போங்கோ எண்டு சொன்னது நான்தான்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். "உன்னைப் பிறகு பாக்கிறன்" என்றார். "முதல்ல வந்து தள்ளு."

ஒரு மைல் கட்டை தூரத்தில் மோட்டார் சைக்கிள் பற்றையோடு சரிந்து கிடந்தது. கதிரையில் ஒரு கடுவன் குரங்கு காலை நீட்டி இருந்தது. இன்னும் நாலு, ஆளுக்கொரு கண்ணாடியாகப் பிடித்து மூஞ்சை பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணாடிகளால் பிரயோசனம் கண்டவை அவை மட்டும்தான்.

குரங்குகளைக் கலைத்துவிட்டு ஓவசியர் சாமானை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கத் தொடங்கினார். அக்கா விடவில்லை.

"கழட்டுங்க."

"எதை?"

"எல்லாத்தையும். கதிரை, கண்ணாடி, தகரம், எல்லாம். லொறியில போடுங்க. லொறி திரும்பி வரக்குள்ள இவன் வீட்டுக்குக் கொண்டுபோவான். பெட்டியைப் பின்னுக்குக் கட்டுங்க. நான் உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறன்."

ஆறு வருசம் பூட்டியதை அரை மணித்தியாலத்தில் கழற்றினோம். மிச்சம் நின்றது இரண்டு சில்லும் ஒரு எஞ்சினும். சந்தைக்குக் கொண்டுபோக உரித்த கோழி மாதிரி. ஒரு சாக்கை மடித்துப் போட்டு அக்கா ஏறி, அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் தள்ளினோம். பத்து அடி போகவில்லை, ஸ்ராட் வந்துவிட்டது. பாரம் இல்லாவிட்டால் அது நல்ல சாமான் என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"பிடிச்சிருக்கிறீரோ?" என்று கேட்டார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் கேட்டார். வளைவில் மறையும் மட்டும் கேட்டுக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை காலை நான் வயலில் நின்றேன். முகூர்த்த நேரம் எனக்கு மனப்பாடம். வெயிலைப் பார்த்தேன், வரம்பில் ஏறி இருந்தேன், திரும்பவும் வெயிலைப் பார்த்தேன். வேலை ஓடவில்லை. சனிக்கிழமை கடிதம் வந்ததோ என்று பார்க்கத் தபால் கந்தோருக்குப் போனேன். திங்கள் போனேன். செவ்வாயும் போனேன். பள்ளிக்கூடத்துக்கு இப்படிப் போயிருந்தால் நானும் ஓவசியராகியிருப்பேன்.

புதன்கிழமை போஸ்ட் மாஸ்டர் ஒரு அட்டையை நீட்டினார். ஊருக்குப் புதிதாக வந்தவர். வருகிற அட்டை எல்லாவற்றையும் முதலில் தான் வாசித்துவிடுவார்.

ஓவசியரின் கையெழுத்து. "தாலி கட்ட ஒரு மணித்தியாலம் முந்தி வந்து சேர்ந்தோம். அக்கா சொன்ன இடமெல்லாம் நிறுத்தினேன். ஏழு இடம். ஏழு இடத்திலும் தள்ள ஆட்கள் கிடைத்தார்கள். நல்ல சனம்."

போஸ்ட் மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார்.

"ஏழு இடத்தில தள்ளிக்கொண்டு கலியாணத்துக்குப் போனவனோ? ஆரடா உந்த விசரன்?"

ஓவசியரை விசரன் என்று, பைத்தியம் என்று நானும் அதுவரை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். ஆனால் போஸ்ட் மாஸ்டர் வாயால் கேட்க எனக்கு முகம் சுட்டது.

"மரியாதையாக் கதையுங்கோ ஐயா" என்றேன். "அவர் எங்கட ஆள்."