சாளை எண்ணெய் பூசிய கல்யாணக் கார்

கார் போனட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாதவர்களுக்கு அந்தச் சுகம் கூடுதல். தெரிந்தவருக்குச் செலவுதான் நினைவுக்கு வரும். தெரியாதவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு "ம்ம்..." என்று தலையை ஆட்டினால் போதும், தெருவே மதிக்கும். நான் அப்படிப் பல நாள் தலையாட்டி மதிப்புப் பெற்றவள்.

என் வீட்டுக்காரர் சாம் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போனபோது, என்னையும் ஒரு வெள்ளைக் காரையும் தூத்துக்குடியில் விட்டுவிட்டுப் போனார். இரண்டில் காரைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. (என்னைப் பற்றிக் கவலைப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று விட்டுவிட்டார் போல.) எங்கள் வீடு இருக்கும் இடம் அப்படி. எதிரே உப்பளம், அதற்கு அந்தப் பக்கம் கடல். ஜன்னல் கம்பி, துணி காயப்போடும் கம்பி, சைக்கிள், எதுவானாலும் உப்புக்காற்று தின்றுவிடும். கேட்டைத் தள்ளினால் கேட் திறக்காது, கொண்டி கையோடு வந்துவிடும்.

காருக்கு இன்னொரு எதிரியும் இருந்தார். சாமின் அண்ணன். நான் 'பெரியத்தான்' என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். காப்பி குடிப்பார். போகும்போது டயரை ஓர் உதை உதைத்துப் பார்ப்பார்.

"பியூலா, இது இந்தக் காத்துல நிக்காதும்மா. ஒனக்கு எதுக்கு இந்தத் தலவலி? நம்ம வீட்டுல கொண்டாந்து விட்டுரு. நான் பாத்துக்கிடுதேன்."

அவரிடம் கார் கிடையாது. ஆனால் கார் நிறுத்த ஷெட் மட்டும் எப்போதோ கட்டி வைத்திருந்தார்.

கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. பெரியத்தான் மகள் ஷைனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் நாசரேத். அங்கே கோயிலில் வைத்துத் தாலி கட்டு. சாம் மஸ்கட்டில் இருந்தபடி வீடியோ காலில் தீர்ப்புச் சொன்னார்.

"ஏளா, பொண்ணு ஒன் வண்டியிலதான் போவா. நீயே ஓட்டு. ஒரு கொறையும் இல்லாமக் கொண்டுபோய்ச் சேத்துட்டேன்னா வண்டி ஒனக்கு. வழியில எதாச்சும் மக்கர் பண்ணுச்சுன்னா மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போயிரும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். எனக்கு அந்தக் கார் வேண்டும். கைப்பையில் சாவி கிடக்கும் நாளில் என் நடையே வேறு. அதைக் கொண்டுபோய் அந்த ஷெட்டில் நிறுத்துவதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

புத்தியுள்ளவர்கள் இந்த இடத்தில் வண்டியை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. ஏனென்றால் நான் 'நம்ம காரை நாமே பார்ப்போம்' என்ற வாட்ஸப் குழுவில் இருந்தேன். அந்தக் குழுவில் எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு, ஒன்றுக்குப் பத்தாக உண்டு. ஒரு முறை என் வண்டியின் பின்பக்கம் 'லொடக் லொடக்' என்று சத்தம் கேட்டது. குழுவில் கேட்டேன். ஒருவர் ஷாக் அப்சார்பர் போச்சு என்றார். ஒருவர் புஷ் என்றார். அட்மின் அண்ணாச்சி, "சகோதரி, ஆக்ஸில். உடனே விற்றுவிடுங்கள்" என்று கைகூப்பும் படத்தோடு எழுதினார். நான் அழாத குறையாக டிக்கியைத் திறந்தால், உள்ளே ஒரு தேங்காய் உருண்டுகொண்டிருந்தது. எடுத்துச் சட்னி அரைத்தோம், சத்தம் நின்றது. இதைக் குழுவில் எழுதினேன். "தேங்காய் உருண்டதால் ஆக்ஸில் பாதிக்கப்பட்டிருக்கும்" என்று அட்மின் அண்ணாச்சி பதில் போட்டார். இதற்குப் பிறகும் நான் அந்தக் குழுவை விட்டு விலகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

துருவுக்கு மருந்து அங்கேதான் கிடைத்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரரின் வீடியோவை அனுப்பியிருந்தார்கள். அவர் ஊரில் பனி உருகச் சாலையில் உப்புப் போடுவார்களாம். அந்த உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்னாமல் இருக்க அவர் மீன் எண்ணெய் பூசுகிறாராம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அட, நம் ஊர்த் தோணிக்கும் வள்ளத்துக்கும் காலங்காலமாகப் பூசுகிற சமாச்சாரம்தானே! கடலுக்குள்ளேயே கிடக்கிற வள்ளத்தைக் காப்பாற்றுகிற எண்ணெய், கடற்கரையில் நிற்கிற காரைக் காப்பாற்றாதா? (நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். 'துருப்பிடித்தல்' பாடத்தை வருடா வருடம் நடத்துகிறேன். எண்ணெய் பூசினால் துருப்பிடிக்காது என்று அதிலேயே இருக்கிறது. எண்ணெயைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்பது வேறு பாடம்.)

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கேன் சாளை மீன் எண்ணெய் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி என் சேலையையும் கைப்பையையும் பார்த்தார்.

"எந்த வள்ளத்துக்கும்மா?"

காருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "சின்ன வள்ளம்தான் அண்ணாச்சி. அஞ்சு பேரு உக்காரலாம்."

"இஞ்சின் வச்சதா?"

"ஆமா. ஏசியும் உண்டு."

அவர் கேனை எடுத்துக் கொடுத்துவிட்டு நான் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

காருக்கு அடியில் போக ஒரு பள்ளம் வேண்டும். அதற்கு மாநகராட்சி ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தது. வடிகால் கட்டுகிறோம் என்று எங்கள் வாசலில் தோண்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. தெருவே சபித்த அந்தப் பள்ளத்தை முதன்முதலாக வாழ்த்தியவள் நான்தான். இரண்டு பக்கமும் சக்கரம் நிற்க, நடுவே பள்ளத்தில் நான் இறங்கி நின்று, சுண்ணாம்பு அடிக்கிற பிரஷ்ஷால் பூசினேன். ஒரு அங்குலம் விடவில்லை. வெள்ளைக்காரர் வீடியோவில் சைலன்சரைச் சுட்டிக்காட்டித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஏதோ சொன்னார். அவர் ஆங்கிலம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முக்கியமான இடம் என்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன். சைலன்சரும் இரும்புதானே, அது மட்டும் என்ன பாவம் செய்தது? அதற்கு மட்டும் இரண்டு கோட்டு அடித்தேன்.

நாற்றம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் மீன் நாற்றம் ஒரு செய்தியே இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் காருக்கு அடியில் நாலைந்து பூனைகள் படுத்திருந்தன. பாவம், நிழலுக்கு ஒதுங்கியிருக்கின்றன என்று பால் வேறு ஊற்றினேன்.

கல்யாண நாள் வந்தது. அக்னி நட்சத்திர வெயில். காருக்கு ரோஜாப்பூ மாலை. பின்சீட்டில் ஷைனி, சந்தன நிறப் பட்டுச்சேலையும், தலையில் முக்காடு போட்ட வெள்ளை நெட்டுமாக. முன்சீட்டில் பெரியத்தான், கோட்டு சூட்டில். ஸ்டியரிங்கில் நான். சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள்.

பழையகாயல் தாண்டும்போது பெரியத்தான் மூக்கை உறிஞ்சினார். "கருவாடு காயப்போட்டிருக்கான் போல. ஏசியக் கூட்டும்மா."

கூட்டினேன்.

ஆத்தூரில் இரண்டு பக்கமும் வாழையும் வெற்றிலைக்கொடியும். கருவாட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் வாசம் எங்களோடு வந்துகொண்டிருந்தது. பெரியத்தான் முன்னால் போன லாரியைத் திட்டினார். நான் லாரியை முந்தினேன். பிறகு பின்னால் வந்த லாரியைத் திட்டினார். கருவாட்டு வாசம் மெல்ல மெல்லப் பொரிச்ச மீன் வாசமாக மாறிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

குரும்பூர் தாண்டி ரயில்வே கேட். அடைத்திருந்தது. வண்டியை நிறுத்தியதும், அதுவரை பின்னால் போய்க்கொண்டிருந்த புகை அவ்வளவும் எங்களைச் சுற்றிக் கிளம்பியது. பக்கத்தில் பைக்கில் நின்றவர் கண்ணாடியைத் தட்டினார்.

"யக்கா, வண்டிக்கு அடியில என்ன பொரிக்கீய?"

"எறங்கு! எல்லாரும் எறங்கு! தீப்பிடிச்சிரும்!" என்று பெரியத்தான் கதவைத் திறந்து முதல் ஆளாக ஓடினார். மகளை அழைக்க மறந்துவிட்டார். நான்தான் ஷைனியை இழுத்துக்கொண்டு இறங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், கார் போனால் போகட்டும், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று கர்த்தரைக் கூப்பிட்டேன்.

கையோடு குழுவிலும் கேட்டேன். 'காருக்கு அடியில் புகை. மீன் பொரிக்கும் வாசம். அவசரம்.' அட்மின் அண்ணாச்சி உடனே பதில் போட்டார்: 'நல்ல கேள்வி சகோதரி. ஞாயிறு அன்று விரிவாகப் பார்ப்போம்.'

அந்த நேரம் பார்த்து மஸ்கட்டில் இருந்து வீடியோ கால். கல்யாணத்தை நேரலையில் பார்க்கச் சாம் லீவு போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கன நிக்கிய? ஏன் எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிய?"

ஷைனி மெல்லக் குனிந்தாள். பம்பருக்குக் கீழே சொட்டியதை ஒரு விரலால் தொட்டு முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"சித்தி, இது சாளை எண்ணெல்லா?"

மறைக்க ஒன்றும் இல்லை. வீடியோ, வள்ளம், பள்ளம் எல்லாவற்றையும் சொன்னேன், சைலன்சருக்கு வருவதற்குள் ரயில் வந்துவிட்டது. பெரியத்தான் தன் கோட்டை முகர்ந்து பார்த்தார். போனில் சாம் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஷைனி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண் மை கலைகிற அளவுக்குச் சிரித்தாள். சைலன்சர் மேல் இருந்தது எல்லாம் பொரிந்து தீர்ந்தோ என்னவோ, புகை அடங்கியது. வேறு வண்டிக்கு நேரமில்லை. கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, உருட்டிக்கொண்டே போனேன்.

நாசரேத் கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பூனைகள் வந்துவிட்டன. பக்கத்து மண்டபத்தில் பிரியாணிக்கு ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டிருந்த இடத்தை விட்டுவிட்டு வந்த பூனைகள். ஷைனி ஒரு காலைக் கீழே வைத்தாள். நெட்டின் நுனியை ஒரு பூனை பிடித்துக்கொண்டது. பூச்செண்டு பிடித்து வந்த குட்டிப் பெண்கள் செண்டைப் போட்டுவிட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டார்கள். கோயில் ஊழியர் துடைப்பத்தோடு ஓடி வந்தார். மாப்பிள்ளையின் அம்மா ரிட்டயர்டு தலைமையாசிரியை. மூக்கில் கைக்குட்டையோடு என்னிடம் வந்தார்.

"பொண்ணு வீட்டுச் சீர்ல மீனும் வருதோ?"

பூமி பிளக்கவில்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆராதனை நடந்தது. போதகர் உடன்படிக்கை வாசிக்கிறார், மாப்பிள்ளை ஷைனி பக்கம் சாய்ந்து ஏதோ கேட்கிறான், ஷைனி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள், போதகர் முறைக்கிறார். கல்யாண வீடியோவில் எல்லாம் அப்படியே இருக்கிறது. என்ன கேட்டான் என்று பிறகு சொன்னாள். காலையில் இருந்து பட்டினியாம். "பந்தியில பொரிச்ச சாளையும் உண்டா?" என்று கேட்டானாம். (அந்த நிமிஷமே இவன் நல்ல பையன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.)

சாயங்காலம் சாம் மறுபடி கூப்பிட்டார். குரலில் சிரிப்பே இல்லை.

"பேசுனது பேசுனதுதான் பியூலா. சாவிய அண்ணன்கிட்டக் குடுத்துரு."

கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினேன். பெரியத்தான் இரண்டு எட்டுப் பின்னால் போனார். அவர் கோட்டு அன்றைக்கே சலவைக்காரர் வீட்டு வாசல் வரை போய், வேண்டாம் என்று திரும்பி வந்திருந்தது.

"எனக்கா? அந்த மீன்சட்டியையா? இனாமாக் குடுத்தாலும் வேண்டாம் தாயி. நீயே வச்சிக்கோ."

இப்படித்தான் அந்தக் கார் எனக்குக் கிடைத்தது. நல்லபடியாக ஓட்டியிருந்தால்கூட ஏதாவது குறை சொல்லி வாங்கிப் போயிருப்பார். அதன் பெயர் இன்றுவரை மீன்சட்டிதான். எந்தச் சொந்தக்காரர் வீட்டுத் தெருவில் நான் திரும்பினாலும், வீட்டுக்குள் இருந்து யாராவது ஒருவர் "மியாவ்" என்பார். பதிலுக்கு நான் ஹாரன் அடிப்பேன். ஒருவரும் அவசரத்துக்குக்கூட அந்த வண்டியை இரவல் கேட்டதில்லை, அந்த வகையில் எனக்கு நிம்மதி.

வருடங்கள் ஓடிவிட்டன. வாசம் எப்போதோ போய்விட்டது. பெரியத்தான் புதுக் கார் வாங்கித் தன் ஷெட்டில் நிறுத்தினார். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தவர் டயரை உதைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, தரையில் கையூன்றி, என் வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். ஒரு பொட்டுத் துரு இல்லை. எழுந்து, அக்கம் பக்கம் பார்த்து, குரலை இறக்கினார்.

"என் வண்டிக் கதவெல்லாம் பொரை பிஸ்கட் மாதிரி உதிருதும்மா. அந்த எண்ணெக் கடை எங்கன இருக்கு?"

சொன்னேன். அடுத்த வாரம் நாசரேத்தில் பேரனுக்கு ஞானஸ்நானம், சம்பந்தியம்மாவையும் வண்டியில் கூட்டிப்போக வேண்டும், அதற்குள் பூசிவிடலாம் என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒண்ணு கேக்க மறந்துட்டேன். சைலன்சருக்கும் பூசணுமாம்மா?"

அவர் கட்டிய ஷெட் ஒரு நிமிஷம் என் கண் முன்னால் வந்து போனது.

"அது மட்டும் என்ன பாவம் செஞ்சுது அத்தான்? அதுக்கு ரெண்டு கோட்டா அடிங்க" என்றேன்.