தவமணியின் மூடிய வாய்

"வாயைத் திற, என்ர குஞ்செல்லோ," என்று கனகேஸ்வரி மூன்றாம் முறையாகக் கெஞ்சினாள். நாலு வயது தவமணி பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அவளுக்குப் பாண் ரொட்டியும் சீனியும் போதும். சோறு, கறி, கீரை, மீன் ஒன்றும் வேண்டாம்.

இரண்டாம் உலக யுத்த காலம். வெள்ளவத்தையில் அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. கிடைத்ததையும் பிள்ளை தொடவில்லையென்றால் தாய் என்ன செய்வாள்? போதாக்குறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாளின் கடிதம் வந்திருந்தது. சனிக்கிழமை வருகிறாளாம். பிள்ளை நாலு கறியோடு சோறு தின்னப் பழகியிராவிட்டால் தன்னோடு கூட்டிக்கொண்டுபோய் வளர்ப்பாளாம். மச்சாள் சொன்னால் செய்கிறவள். கனகேஸ்வரியின் புருஷன் நவரத்தினமோ தமக்கைக்கு மறுபேச்சுப் பேசிப் பழகாதவர்.

திங்கட்கிழமை முருங்கையிலையைப் பொடியாக அரிந்து பிட்டுக்குள் ஒளித்தாள். தவமணி பச்சையைக் கண்டுபிடித்தாள். அன்றோடு பிட்டும் வேண்டாமென்றாள். செவ்வாயன்று மீனை மசித்துப் பாணுக்குள் வைத்தாள். பாணும் போயிற்று. புதனன்று நவரத்தினத்தை முன்னால் இருத்தி, பாகற்காயைப் புகழ்ந்து புகழ்ந்து சாப்பிடச் சொன்னாள். பிள்ளை கைதட்டி ரசித்துவிட்டுத் தன் பங்கையும் அவருடைய தட்டில் போட்டாள். இரண்டு பேருடைய பாகற்காயைத் தின்ற மனுஷன் மறுநாள் கந்தோருக்கு லீவு எழுதினார்.

எல்லாப் பகலும் இதே கூத்துத்தான். தவமணி ஒரு வாயும் உண்ணாமல் எழும்பி, அயல்வீட்டு ரபீக்காவின் மகள் பைறோஸாவோடு விளையாட ஓடிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை புதுப் பயம் வந்தது. தவமணியின் சட்டைப் பொத்தானை முதுகில் பூட்ட முடியவில்லை.

"சாப்பிடாத பிள்ளை எப்படியப்பா கொழுக்கும்? இது ஏதோ வருத்தத்தாலை வந்த வீக்கம்," என்று கனகேஸ்வரி அழத் தொடங்கினாள்.

நவரத்தினம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெஹிவளையில் ஒரு டொக்டரிடம் ஓடினார். டொக்டர் கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். கனகேஸ்வரிக்கு அந்த டொக்டரில் இருந்த நம்பிக்கை அன்றோடு போய்விட்டது.

சனிக்கிழமை விடிய, மெயில் ரயிலில் மச்சாள் வந்து சேர்ந்தாள். பகல் நாலு கறியோடு சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தேடினால், தவமணியைக் காணவில்லை. மச்சாள் முன்னே நடக்க, கனகேஸ்வரி பின்னால் ஓடினாள். இருவரும் ரபீக்காவின் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

பாயில் ஒரு பெரிய சஹன் இருந்தது. அந்த ஒரே தட்டைச் சுற்றியிருந்து எல்லாரும் சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். பைறோஸாவுக்குப் பக்கத்தில் தவமணி சப்பாணி கட்டி உட்கார்ந்து, கீரை, மீன், பாகற்காய் என்று ஒன்றையும் விடாமல் உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தாள். கனகேஸ்வரிக்கு வெட்கம் ஒரு பக்கம், ஆறுதல் ஒரு பக்கம், கண் நிறைந்துவிட்டது.

மச்சாள் இரங்கவில்லை. "பெத்த தாயின்ர கையாலை தின்னாமல் அயல்வீட்டிலை தின்னிற பிள்ளையை இனி இஞ்சை விடேலாது. நான் கொண்டுபோறன்."

ரபீக்கா பதறிப்போய்த் தவமணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போக வாணாம் அக்கா. எங்கட பைறோஸா தனிய இருந்தா ஒண்டையும் தொடமாட்டா. அவக்குச் சாப்பிடப் பழக்குறதே இந்தப் புள்ளதான்."