முன்னால் நிற்கும் சட்டம்

நுரையாற்றங்கரையில் இருந்த வடிகோட்டை நாட்டில் எல்லாம் ஓரளவு சரியாக நடந்துகொண்டிருந்தது. அரசர் விறல்மாறருக்கு அது பெரிய குறையாகப் பட்டது. எல்லாம் சரியாக நடந்தால் தலைமை எங்கே தெரியும்? ஆகவே தலைமைப்பண்புத் துறை என்று ஒன்றை ஏற்படுத்தி, ஓர் அமைச்சரையும் அமர்த்தினார். அமைச்சர் ஆறு மாதம் யோசித்து முதல் நெறியைக் கண்டுபிடித்தார்: தலைவர் எப்போதும் முன்னால் நிற்க வேண்டும்.

சமையற்கூடங்களில் சட்டம் உடனே அமலானது. தலைமைச் சமையற்காரர் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றார். சோறு வெந்ததா என்பது பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உண்மையான சிக்கல் துறையூர்ப் படகுத்துறையில் வந்தது.

அங்கே பெரிய படகின் தலைவன் தவசி. இருபத்தாறு வருடமாகப் பின்முனையில் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பவன். சுக்கான் பின்னால் இருந்ததால் அவனும் பின்னால் இருந்தான். இதில் பெரிய அடக்கம் ஒன்றும் இல்லை. அங்கிருந்து பார்த்தால் துடுப்புப் போடும் எட்டுப் பேரின் முதுகும் தெரியும். தோள் இறங்கியிருந்தால் காய்ச்சல், விறைத்திருந்தால் வீட்டில் சண்டை. அதற்கேற்ப ஆளை இடம் மாற்றி உட்கார வைப்பான். நடு ஆற்றில், முன்துடுப்புப் போடும் வெள்ளையம்மாளிடம், "தாயி, தண்ணி எப்படி?" என்று குரல் கொடுப்பான். அவள் சொல்வதைக் கேட்டுத்தான் சுக்கானைத் திருப்புவான். தன் மூளையைப் பற்றி அவனுக்கு நன்றாகவே தெரியும்.

சட்டம் வந்தது நடவுக் காலத்தில். நாற்றங்கால் இக்கரையில், வயல் அக்கரையில். பறித்த நாற்று மூன்று நாளைக்குள் சேற்றில் இறங்காவிட்டால் அடுத்த வருடம் துறையூர்க்காரர்களுக்குச் சோறில்லை. முந்நூறு கட்டு நாற்று ஈரச்சாக்குக்குள் காத்திருந்தபோது மேற்பார்வை அதிகாரி அலங்காரநாதர் வந்து சேர்ந்தார்.

"படகின் தலைவர் யார்?"

"நான்தாங்க."

"தலைவர் பின்னால் உட்காருவதா? நாட்டுக்கே அவமானம். எழுந்து முன்னால் போங்கள்."

"போயிரலாங்க. சுக்கான யாரு பிடிக்கிறது?"

"அது நடைமுறை நுணுக்கம். கொள்கை அதற்குள் நுழையாது."

சுக்கானைக் கயிற்றால் கட்டினார்கள். தவசி முன்முனையில் நின்று, கையை நீட்டி அக்கரையைக் காட்டினான். நீரோட்டத்துக்குக் கையைப் பார்க்கும் வழக்கம் இல்லை. படகு அரைவட்டம் அடித்து, புறப்பட்ட கரையிலேயே நாணலுக்குள் மூக்கை நுழைத்தது.

"நல்லாத்தான் வழி காட்டுனீங்கண்ணே. ஆறுதான் சட்டம் படிக்கல," என்றாள் வெள்ளையம்மாள்.

செய்தி கோட்டைக்குப் போனது. குறை நெறியில் இல்லை, மக்களின் நம்பிக்கையில்தான் இருக்கிறது என்று அமைச்சர் கண்டறிந்தார். மறுநாளே இரண்டாம் நெறி வந்தது: தலைவர் மக்களின் முகம் பார்த்துப் புன்னகைக்க வேண்டும், நம்பிக்கையைக் குலைக்கும் பேச்சை யாரும் பேசக் கூடாது. ஆகவே தவசி ஆற்றுக்கு முதுகைக் காட்டிச் சிரித்தபடி நின்றான். எதிரே பாறை வந்தது. பார்த்தவள் வெள்ளையம்மாள், பக்கத்தில் அலங்காரநாதர் இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை. கடைசி நொடியில் துடுப்பை ஊன்றிப் பாறையை நெட்டித் தள்ளினாள். படகு தப்பித்துப் பழைய கரைக்கே திரும்பியது. படகு சாய்ந்ததில் நாற்பது கட்டு நாற்று ஆற்றோடு போனது. அது மிதந்து போவதைத் தவசி சிரித்துக்கொண்டே பார்க்க வேண்டியிருந்தது.

கரையில் சாக்கை விலக்கி மிச்ச நாற்றைத் தொட்டுப் பார்த்தான். நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

"நாளைக்கு ஒரு நாள்தான் தாயி தாங்கும்."

"பேசாம கயித்த அறுத்துட்டுப் போயிருவோம்ணே."

"கயித்துக்கு ரெண்டு காவலாளி போட்டிருக்காங்க. சுக்கானுக்குத்தான் ஆள் கிடையாதாம்."

மூன்றாம் நாள் காலையில் அரசரே வந்துவிட்டார். முன்மாதிரி காட்டுவது மூன்றாம் நெறி. அரசர் படகின் முன்முனையில் ஏறினார். சட்டப்படி தவசி அங்கே ஏற்கெனவே சிரித்துக்கொண்டு நின்றான். அலங்காரநாதருக்கு வியர்த்தது.

"அரசருக்கு முன்னால் நிற்கிறாயா? பின்னால் போ!"

"எவ்வளவு பின்னாலங்க?"

"முடிந்த அளவு!"

"முடிஞ்ச அளவுன்னா சுக்கான்தாங்க வரும்."

"அங்கேயே போய்த் தொலை!"

தவசி போனான். அதிகாரியின் உத்தரவைக் காதால் கேட்ட காவலாளிகள் வழிவிட்டார்கள். கயிற்றை அவிழ்த்தான். எட்டு முதுகும் தெரிந்தன. இரண்டு நாளாகப் பார்க்காததில் அவன் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் எப்படி என்று கேட்பது நம்பிக்கையைக் குலைக்கும் பேச்சு என்பதால் லேசாகச் செருமினான். இடப்பக்கம் சுழல் என்றால் வெள்ளையம்மாள் ஒருமுறை இருமினாள், வலப்பக்கம் என்றால் இருமுறை. அரசர் மக்களைப் பார்த்துச் சிரித்தபடி அக்கரை சேர்ந்தார். அது அவருக்குப் பிடித்துப்போய் ஐந்து முறை போய் வந்தார். ஐந்து முறையும் நாற்று ஏறியது. பொழுது சாய்வதற்குள் இருநூற்றறுபது கட்டும் சேற்றில் இறங்கிவிட்டது.

"பார்த்தீர்களா? நிற்க வேண்டியவர் முன்னால் நின்றால் ஆறே வழிவிடுகிறது," என்றார் அரசர்.

தவசி கைகட்டி நின்றான். "நாளைக்கு அரசர் இல்லாம எங்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாதுங்க. மரத்துல ஒரு சிலை செஞ்சு முன்னால வெச்சுட்டீங்கன்னா, நான் பின்னால உக்காந்து கும்பிட்டுக்கிட்டே வருவேன்."

அலங்காரநாதர் நெகிழ்ந்துபோனார். ஒரே மாதத்தில் நாட்டின் எல்லாப் படகிலும், சமையற்கூடத்திலும், நெசவுச்சாலையிலும் முன்வரிசையில் அரசர் சிலை ஏறியது. தலைவர்கள் அவரவர் பழைய இடத்துக்குப் போனார்கள். சிலை ஏறிய பிறகு படகில் எட்டுக் கட்டுக்கு இடம் குறைந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

அறுவடை முடிந்து தவசியும் வெள்ளையம்மாளும் கோட்டைக்கு நெல் கொண்டுபோனார்கள். அரசவை வாசலில் அமைச்சர்கள் வரிசையாக நின்றார்கள். தலைமைப்பண்பு அமைச்சர் கையில் ஓர் அறிக்கை இருந்தது: அரசர் ஏறிய படகைவிடச் சிலை ஏறிய படகு சீக்கிரம் கரை சேர்கிறது, ஏனென்றால் சிலை நடுவில் உரையாற்றுவதில்லை. அதை உள்ளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "தாங்கள் முன்னால்" என்று ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதமாக வரிசை நகரவில்லையாம்.

தவசி வழக்கப்படி முதுகுகளைப் பார்த்தான். காய்ச்சல் இல்லை, வீட்டில் சண்டையும் இல்லை. "பாவம், பயந்து கிடக்காங்க தாயி," என்றான்.

வெள்ளையம்மாள் கதவிடுக்கில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள். அரியணையில் ஓர் உருவம் சிரித்த முகத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"ராசாவாண்ணே, சிலையா?"

தவசியும் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். அவனாலும் சொல்ல முடியவில்லை. வெளியே நாடு ஓரளவு சரியாக நடந்துகொண்டிருந்தது.