எண்ணெய் முள் சிவப்பைத் தொட்டபோது

கோயமுத்தூர்க்காரன் எதை வேண்டுமானாலும் தெரியாது என்று ஒப்புக்கொள்வான், இன்ஜினைத் தவிர. தெருவுக்குத் தெரு பட்டறை உள்ள ஊரில் அப்படி ஒப்புக்கொண்டால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்த தலைமுறை நாங்கள். நான் பகலில் பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்தேன், மற்ற நேரத்தில் கவிதை எழுதினேன். (இரண்டிலுமே அடிக்கடி காற்று அடைத்துக்கொள்ளும்.)

அறுபதுகளின் கடைசி. எனக்கு அவிநாசியில் பெண் அமைந்தது. கல்யாணம் முடிந்து பெண்ணை பீளமேட்டுக்கு அழைத்துவர என் நண்பன் கோவர்த்தனன் தன் காரைக் கொடுத்தான். மில்காரர் வீட்டுப் பிள்ளை. ஜெர்மனிக்குப் படிக்கப் போனவன், வரும்போது கப்பலில் ஒரு குட்டிக் காரையும் கொண்டுவந்திருந்தான். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. தாழம்பூ நிறம். நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவது போல ஒரு சாய்வு.

"இதுல பிஸ்டனே கெடையாதுடா" என்றான் கோவர்த்தனன். "மூணு மூலை வெச்ச ஒண்ணு உள்ள சுத்திக்கிட்டே இருக்கும். அவ்வளவுதான்."

"தெரியுமே" என்றேன். (தெரியாது.)

"இங்க பாரு, ரெண்டு முள்ளு. இது தண்ணிச் சூடு, இது எண்ணெய்ச் சூடு. மத்த காரு மாதிரி தண்ணிய மட்டும் பாத்துட்டு இருந்துராத. இதுல சூட்டை எண்ணெயும் சேர்ந்து சொமக்குது. ரெண்டும் வண்டியோட மூக்குலதான் காத்து வாங்கி ஆறும். வேகமாப் போனா குளுந்துக்கும், ஊர்ந்தா கொதிக்கும். கெட்டுப்போச்சுன்னா ஜெர்மனிக்குத்தான் எழுதிப்போடணும். எங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல, வண்டி உங்கிட்ட இருக்குதுன்னு."

தலையாட்டினேன். கல்யாண மாப்பிள்ளையின் தலை, யார் என்ன சொன்னாலும் ஆடும்.

முகூர்த்தம் காலையிலேயே முடிந்தது. புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதற்குள் பெண் எங்கள் வீட்டுக்குள் வலதுகால் வைத்தாக வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. வெளியே வந்து பார்த்தால் மச்சினன்மார்கள் காரை அலங்கரித்திருந்தார்கள். சம்பங்கி, மரிக்கொழுந்து, செவ்வந்தி என்று காரின் மூக்கை ஒரு எறும்பு நுழைய இடமில்லாமல் மூடி, மேலே வாழையிலையும் செருகியிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? தள்ளி நின்று ரசித்தேன். 'உலோகத்துக்கு உதடு முளைத்தது' என்று ஒரு வரிகூடத் தோன்றியது.

அவிநாசியைத் தாண்டியதும் தண்ணீர் முள் எழுந்தது. வேகமாகப் போனேன், அதுவும் வேகமாக எழுந்தது. அப்போதுதான் என் பொறியியல் மூளை விழித்தது. குளிர்நாட்டுக் காராயிற்றே, கால் சூட்டுக்கு ஹீட்டர் உண்டு. அதைத் திறந்தால் தண்ணீரின் சூடு கொஞ்சம் இந்தப் பக்கம் வெளியேறும். திறந்தேன். வைகாசி வெயிலில், பதினோரு மணிக்கு, கூறைப்புடவை கட்டிய புதுப்பெண்ணின் பாதத்தில் அனல் பாய்ந்தது.

முள் இறங்கியது. நான் பூரித்தேன். அதுவரை வாய் திறக்காத மரகதம், என் மனைவி, என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான்:

"ஏனுங்க, காலு வேகுதுங்க."

"ஃபாரின் வண்டி அப்படித்தான் அம்மணி."

புடவையை இழுத்துக் காலை மடித்துக்கொண்டாள்.

"அந்த இன்னொரு முள்ளு எதுக்குங்க? செவப்புலயே நிக்குது."

பார்த்தேன். எண்ணெய் முள். கோவர்த்தனன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எண்ணெய்க்கு. அது... சும்மா காட்டும்."

"எங்க தோட்டத்து இன்ஜின் இப்படிச் சூடாச்சுன்னா எங்கய்யன் உடனே நிறுத்திப்போடுவாருங்க. இங்க காத்துப் போற வழியிலயே மாலையக் கட்டியிருக்குதுங்களே."

"வீட்டுக்குப் போறதுக்குள்ள மாலையை அவுக்கக் கூடாது. சகுனம் ஆகாது."

"நடுரோட்டுல வண்டி வெடிச்சா மட்டும் நல்ல சகுனமுங்களா?"

கருமத்தம்பட்டியில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். அவள் இறங்கி, வளையல் குலுங்க, மாலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நான் பக்கத்தில் நின்று வெற்றுக் கையால் காருக்கு விசிறினேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடியே கேட்டார்: "ஏனுங் மாப்ள, பொண்ணு வேலையப் பாக்குது. நீங்க என்னங்க பண்றீங்க?"

அந்த நேரம் பார்த்து எங்கள் கல்யாண பஸ் கடந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் உறவு, உறவுக்கு உறவு சிரிப்பு.

மாலையில்லாத மூக்கில் காற்று புகுந்ததும் கார் வேறு பிறவி எடுத்தது. இரண்டு முள்ளும் சாதுவாகப் படுத்துக்கொண்டன. பீளமேட்டில் எங்கள் தெருமுனைக்கு வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

தெருமுனையில் மேளம் காத்திருந்தது. முறைப்படி நாதஸ்வரம் முன்னால் போக, வண்டி பின்னால் ஊர வேண்டும். வித்வான் ஒரு அடி வைப்பார், ஒரு ராகம் யோசிப்பார், இன்னொரு அடி வைப்பார். எண்ணெய் முள் மறுபடியும் சிவப்பைத் தொட்டது. வீட்டு வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். அவள் பக்கத்தில் கோவர்த்தனன், காரை மட்டுமே பார்த்தபடி.

அணைத்துவிட்டு இறங்கி நடந்திருக்கலாம். இன்று தோன்றுகிறது. அன்று என் தலையில் மிச்சமிருந்தது ஒரே பாடம்: வேகமாப் போனா குளுந்துக்கும். ஹாரனை அடித்தேன். தவில் ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒரு பக்கம் ஒதுங்க, ஆரத்தித் தட்டில் காற்று வீச, என் வீட்டை நானே கடந்து பறந்தேன்.

"ஏனுங்க, அது உங்க ஊடுங்களா?"

"ஆமா."

"தட்டோட நின்னது அத்தையுங்களா?"

"ஆமா."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்தேன். தோள் குலுங்கியது சிரிப்பில். மெயின் ரோட்டில் காற்று எங்களை இரண்டு பட்டங்களைப் போலத் தூக்கியது. முள் மனமே இல்லாமல் இறங்கியது. அது முழுசாக இறங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் போனேன். இன்னும் கொஞ்சம். திரும்பி வந்தபோது பன்னிரண்டு பத்து.

கோவர்த்தனன் ஓடிவந்து, இன்ஜின் இருக்கும் பின்பக்கம் குனிந்து, சத்தம் கேட்டு, முகர்ந்து, "பொழச்சுது" என்றான். ஆனால் அம்மா கதவருகே குறுக்கே நின்றாள். "ராகுகாலத்துல மருமக உள்ள வரக்கூடாது. ஒன்றரைக்கு மேல வாங்க." ஒன்றரை வரை எதிர்வீட்டு வாசலில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஊரே வேடிக்கை பார்த்தது.

"பிஸ்டன் இல்லாம எப்படிங்க ஓடுது?" என்று மரகதம் மெதுவாகக் கேட்டாள்.

"தெரியாது" என்றேன். வாழ்க்கையில் முதல்முறை. லேசாக இருந்தது.

ஊரில் பிறர் வீட்டுப் பெண்ணோடு ஓடிப்போனவர்கள் உண்டு. தாலி கட்டிய பெண்டாட்டியோடு, அதுவும் சொந்த வீட்டு வாசலைத் தாண்டி ஓடிப்போனவன் நான் ஒருவன்தான் என்று பேர் வாங்கினேன். போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடிக்கும்போதுகூட அம்மா அதை ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா திடுக்கிட்டு டம்ளரை இறக்கி, "அப்ப இவரு ஓடிப்போனவருங்களா?" என்றார்.

பலகாரத் தட்டோடு வந்த மரகதம் நிதானமாகச் சொன்னாள்:

"அவரெங்கங்க ஓடினாரு? நான்தானுங்க கூட்டிட்டுப் போனேன். அவரு வண்டி மட்டும்தானுங்க ஓட்டினாரு."