களை பிடுங்கக் கட்டணம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, விசாரிப்பை அத்தோடு முடித்துக்கொள்கிறேன். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. சமையல் மேடைமேல் காகிதத்தை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபம் என்று எடுத்துக்கொள். தப்பாகாது.

விஷயம் உன் மருமகளை, அதாவது என் பெண்ணைப் பற்றியது. என்னைப் போலவே தாவரவியலில் பட்டம் முடித்துவிட்டு, இயற்கை வேளாண்மை முதுகலைக்கு இடமும் வாங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்லிக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவளோ, முதுகலை வேண்டாம், நேரே மண்ணிலேயே கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு தோட்டத்தில் மூன்று மாதப் பயிற்சியில் சேர்ந்து, படிப்புக்கென்று நான் போட்டு வைத்திருந்ததில் ஒரு பங்கை எடுத்துக் கட்டியும் விட்டாள். அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. பால்கனியில் துணி காய்ந்த இடத்தில் மட்கு உரத் தொட்டி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் அதற்குள். போன வாரம் உன் அத்தானுக்கு உடம்பு சுட்டபோது நெற்றியில் கையை வைத்து, "லேசாத்தான்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தொட்டிக்கு மட்டும் காலையும் மாலையும் அளவெடுத்து நோட்டில் குறிக்கிறாள். அத்தானும் தொட்டிக்குத் தன் பங்காக வாழைப்பழத் தோலைக் கொண்டுபோய்ப் போடுகிறார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கிவர நானே தோட்டத்துக்குப் போனேன். நடத்துகிறவரை எல்லாரும் மண்ணு சார் என்கிறார்கள். செருப்புப் போடமாட்டார், ஆனால் கார் பளபளவென்று நிற்கிறது. நான் பேசி முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, உன் மருமகள் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்து ஒன்பதாவது விதியைக் காட்டினார். பொடி எழுத்து. கட்டணம் திருப்பித் தரப்படாது. பயிற்சி பெறுபவர் வராத நாட்களைக் குடும்பத்தினர் பயன்படுத்திக்கொள்ளலாம். தம்பி, இருபத்தெட்டு வருஷமாகக் காப்பீட்டு அலுவலகத்தில் நான் செய்யும் வேலையே, இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்குப் பொடி எழுத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவதுதான். அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். என் முகமும் அன்றைக்கு அப்படித்தான் போயிருக்கும்.

முன்பு சளி பிடித்து அவள் போகாத நாள் ஒன்று கணக்கில் மீதியிருந்தது. கட்டிய காசு ஏன் வீணாக வேண்டும்? புடவையைச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டேன். களை எடுக்கச் சொன்னார். குனிந்தால் நிமிர முடியவில்லை, வெயில் வேறு. ஒரு மணி நேரம் கழித்து மண்ணு சார் பின்னால் வந்து நின்று, "ஒவ்வொரு களையும் ஒரு பாடம்மா" என்றார்.

"உங்க நிலத்துல கூலிக்கு ஆள் வெச்சா நீங்கதானே காசு குடுக்கணும்?" என்று கேட்டேன்.

"கூலிக்கு வர்றவங்க களையை எடுத்துட்டுப் போயிடுவாங்கம்மா. கத்துக்க மாட்டாங்க."

இதற்குள் அடுத்த பாத்தியில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஏழெட்டுப் பிள்ளைகள் குனிந்திருப்பதைப் பார்த்தேன். அட்டையில் என்ன பெயர் தெரியுமா? நம் பெண்ணுக்கு இடம் கொடுத்த அதே கல்லூரி. ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். "எங்க காலேஜ்ல நிலம் இல்ல ஆன்ட்டி, பிராக்டிகல் இங்கதான்" என்றாள். அவர்கள் கட்டியது இதைப் போல மூன்று மடங்கு. அதே மண், அதே களை, அதே மண்ணு சார். அந்த அட்டைக்குத்தான் மீதிப் பணம் போலிருக்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு எதைப் பிடுங்க வேண்டும், எதை விட வேண்டும் என்று காட்டிக்கொண்டு வரிசையோடு வந்தவள் உன் மருமகள்தான். அலட்டல் இல்லாமல், மண்ணைக் கிளறி வேரைக் காட்டிக் காட்டிப் பேசினாள். எனக்குப் பெருமையாக இருந்ததா என்று கேட்காதே, நான் கோபத்தில் இருக்கிறேன். என் பாத்திக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"அம்மா, நீ இவ்ளோ நேரம் பிடுங்கினது களையில்ல. காரட்டு."

தாவரவியல் படித்தவள் நான். அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே, அதை வேறு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

தம்பி, இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. இருபத்திரண்டு வயதில் எனக்கும் முதுகலைக்கு இடம் வந்தது. வீட்டில் ஒருவருக்குத்தான் கட்ட முடியும் என்றார் அப்பா. நீ பள்ளி முடித்திருந்தாய். நான் வேலைக்குப் போனேன். உன்மேல் வருத்தமில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். அதே மாதிரி ஒரு கடிதம் என் பெண் பெயருக்கு வந்து மேசைமேல் பிரித்தபடி கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அதனால் வெள்ளிக்கிழமைக்குள் நீ புறப்பட்டு வந்து அவளிடம் பேசு. மாமா சொன்னால் கேட்பாள். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நீங்கள் எல்லாரும் நோய்நொடியில்லாமல், படிவங்களை முழுதாகப் படித்துக் கையெழுத்துப் போட்டு, நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விட்டது. நீ வர வேண்டாம். களை பிடுங்க இவ்வளவு கட்டணமா என்று சண்டை போட வியாழக்கிழமை கல்லூரிக்குப் போனேன். கட்டணம் பற்றி மாணவர்கள் மட்டுமே புகார் தரலாம் என்று அங்கேயும் ஒரு பொடி எழுத்தைக் காட்டினார்கள். இடம் மீதியிருக்கிறதாம், சனி ஞாயிறு வகுப்பும் உண்டாம், வயது வரம்பு இல்லையாம். சேர்ந்துவிட்டேன். புகாரையும் அப்போதே கொடுத்துவிட்டேன். முதல் பிராக்டிகல் வரும் சனிக்கிழமை, அதே காரட் பாத்தியில். உன் மருமகளை மண்ணு சார் சம்பளத்துக்கு உதவியாளராக வைத்துக்கொண்டுவிட்டார். என் வருகையைக் குறிக்கப்போவது அவள்தான். நீ பேச வேண்டியது ஒன்றே ஒன்று இருக்கிறது. அம்மா உட்கார்ந்து களை எடுக்க ஒரு முக்காலி அனுமதிக்கச் சொல். நான் கேட்டால், எல்லாருக்கும் ஒரே விதிதான் என்கிறாள்.