அடுத்தவர் அவரைக்கு வைத்தியம்

வரப்பு டாக்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படிப்பு கிடையாது, போர்டு கிடையாது. அடுத்தவர் தோட்டத்தில் ஓர் இலை வாடினால் போதும், வந்துவிடுவார்கள். வந்ததும் இலையைப் பறிப்பார்கள், கசக்குவார்கள், மோந்து பார்ப்பார்கள், வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடுவார்கள், பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில் ஒரு மருந்தின் பெயரைச் சொல்வார்கள். எந்த நோய்க்கு என்கிறீர்களா? அது அவர்களுக்கு எதற்கு?

செட்டியார்பட்டி உக்கிரபாண்டி இந்த இனத்தில் முதல் தரம். சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டதால், ஊரார் நிலமெல்லாம் அவர் பொறுப்பாகிவிட்டது.

மாரீஸ்வரியின் கணவர் பட்டாளத்தில் இருக்கிறார். அவள் தனியாளாகச் செடி அவரை போட்டு, பூவெடுக்கும் வரை கொண்டுவந்திருந்தாள். ஐப்பசி மழைக்குப் பின் ஒரு மூலையில் சில இலைகளில் நீர் கோத்ததுபோலப் புள்ளி விழுந்தது. புள்ளி கருகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டியது.

மழை விட்ட கையோடு உக்கிரபாண்டி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரம் சொட்டும் செடிகளை நோய் மூலையிலிருந்து மறுகோடி வரை ஒன்றுவிடாமல் தடவிக்கொண்டே போனார். பூச்சிதான் என்றார். அவள் மருந்தடித்தாள். நோய் கேட்கவில்லை. சத்துக் குறைவு என்றார். உரம் வைத்தாள். பிறகு வேரில்தான் கோளாறு என்றார். ஒவ்வொரு தீர்ப்புக்கு முன்னாலும் தோட்டத்துக்குள் ஒரு முழுச் சுற்று. புள்ளியும் மூலையை விட்டுக் கிளம்பி அவர் போன தடமெல்லாம் போனது. பக்கத்துத் தோட்டத்துப் பொன்மணி வீட்டு அவரையையும் அவர் ஒதுக்கவில்லை. அங்கேயும் புள்ளி.

பயந்துபோன மாரீஸ்வரி வேளாண்மை அலுவலர் பானுப்பிரியாவை அழைத்துவந்தாள். விளக்கம் சொல்ல உக்கிரபாண்டியும் கூடவே வந்து செடிகளுக்கு நடுவே நின்றார். இது பாக்டீரியாக் கருகல், பூச்சி மருந்துக்கு அடங்காது என்றார் அலுவலர். நோய்ச்செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, மிச்சத்துக்குத் தாமிர மருந்து அடித்தால் பரவுவது மட்டுப்படும். இந்தக் காயில் விதை எடுக்கக் கூடாது, அடுத்த போகம் வேறு பயிர் போட வேண்டும் என்றும் சொன்னார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"இலை ஈரமா இருக்கையில உள்ள போனது யாரு? நோய்ச்செடியத் தொட்ட கையில அடுத்த செடியத் தொட்டாலே ஒட்டிக்கிடும்."

மாரீஸ்வரி உக்கிரபாண்டியைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, வரப்புக்கு ஏறுங்க."

பாதித் தோட்டம் நெருப்புக்குப் போனது. பூவோடு பிடுங்கும்போதுதான் அவள் அழுதாள். மிச்சப் பாதி பிழைத்துக் காய்த்தது.

உக்கிரபாண்டி வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் முன்சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: அது பாக்டீரியா என்று முதல் நாளே சொன்னாராம், அந்தப் பிள்ளைதான் கேட்கவில்லையாம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்கையில், "எடுத்த எடுப்பிலேயே இதை அடித்திருக்கலாமே" என்று ஒரு மருந்தின் பெயர் உங்கள் வாய் வரை வந்ததா? வந்திருந்தால், தயவுசெய்து மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிடாதீர்கள்.