ரோசியின் எடையும் வெள்ளைச் சாக்லேட்டும்

யோவ், காட்பாடியில ஏறி என் எதிர் சீட்டுல வந்து உக்காந்த சஃபாரி சூட்டு! உன்னைத்தான்யா சொல்றேன். உன் பேரு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வீடு தேடி வந்திருப்பேன். என் மானம் ஒரு ஆஸ்பத்திரித் தரையில வெள்ளையா ஒழுகினதுக்கு முழுக் காரணமும் நீதான்.

மத்தவங்களுக்கு விவரமா சொல்றேன். கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

எண்பதுகளோட தொடக்கம். ஆம்பூர்ல எனக்கு ஒரு தோல் மண்டி. சுத்துப்பட்டு ஊர்லேர்ந்து உப்புத் தடவின பச்சைத் தோல் வரும். நிறுத்து வாங்கி, தோல் பதனிடுற டேனரிக்குத் தள்ளுறது என் வியாபாரம். பள்ளிக்கூடப் படிப்பு அஞ்சாவதோட சரி. அதுக்கப்புறம் படிச்சதெல்லாம் அடிபட்டுப் படிச்சதுதான். பேரம்னு வந்துட்டா எதிர்ல யாருன்னு பாக்க மாட்டேன். கோயில் ஏலத்துல ஃபாதர்கிட்டயே விலை கொறைச்சவன் நான்!

அன்னிக்கு வீட்டுல எனக்குச் சொன்ன வேலை ஒண்ணே ஒண்ணு. மெட்ராஸ் போய்ட்டுத் திரும்பி வரும்போது ஒரு டப்பா சாக்லேட் பவுடர் வாங்கிட்டு வரணும். பால்ல கலக்கிற பவுடர். அவ்ளோதான்.

யாருக்குன்னா, என் மச்சினி ரோசிக்கு. நர்ஸ் ட்ரெய்னிங்ல சேரணும்னு அவளுக்கு உயிரு. பரீட்சை முடிஞ்சுது, இண்டர்வியூ முடிஞ்சுது. வேலூர் ஆஸ்பத்திரியில மெடிக்கல் செக்கப்புன்னு கூப்புட்டு எடை பாத்தாங்க. ரெண்டு கிலோ கம்மி.

"ஒரு மாசத்துல எடை ஏத்திக்கிட்டு வாம்மா. இல்லன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்"னு அனுப்பிட்டாங்க.

அடுத்த வருஷமா? எங்க மாமனார் வாலாஜாபேட்டையில ஒரு அரிசி மண்டிக்காரனை மாப்பிள்ளையா பாத்து, வாக்குக் குடுக்கக் காத்துக்கிட்டு இருந்தாரு. "எடை ஏறினா படிப்பு, ஏறலன்னா கல்யாணம்"னு தீர்ப்பு சொல்லிட்டாரு. ரோசி அழுதே இன்னும் அரைக் கிலோ எளைச்சுருப்பா.

"ரெண்டு வேளையும் சாக்லேட் பால் கலக்கிக் குடுத்தா ஏறிடும்"னு சொன்னா என் சம்சாரம் ஸ்டெல்லா. நம்ம தெருக்கடையிலயே பவுடர் கெடைக்கும். அங்க விலை ஜாஸ்தின்னு, "நான் மெட்ராஸ்ல கம்மியா வாங்கியாறேன்"னு வாயைக் குடுத்தது நான்.

"பவுடர் மட்டும் வாங்கிட்டு வாங்க. வேற எதையும் யோசிக்காதீங்க"ன்னா.

யோசிச்சேன். அதான் வெனை.

காட்பாடியில இந்த சஃபாரி சூட்டு ஏறினான். கண்ணாடி, கையில இங்கிலீஷ் பேப்பர். எங்கிட்டேர்ந்து வேர்க்கடலை வாங்கித் தின்னுக்கிட்டே, "எங்க போறீங்க?"ன்னான். சொன்னேன். பவுடர் கதையும் சொன்னேன்.

சிரிச்சான்யா! "இன்னும் சாக்லேட் பாலா? வெளிநாட்டுல எல்லாம் வெள்ளைச் சாக்லேட்தான் சார்."

"சாக்லேட்டு வெள்ளையா இருக்குமா?"

"ஏன் வெள்ளையா இருக்குது? யோசிச்சுப் பாருங்க. மொத்தமும் பாலு! பாலை அப்படியே கட்டியாக்கிட்டான் வெள்ளைக்காரன். டம்ளர் கணக்கா பால் குடிச்சா பாதி தண்ணி. இதுல தண்ணியே கெடையாது. ஒரு துண்டு தின்னா ஒரு சொம்புப் பாலு."

தண்ணியே கெடையாதா! எனக்குச் சுருக்குன்னு உறைச்சுது. ஈரத் தோலுக்கும் காய்ஞ்ச தோலுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? வருஷக் கணக்கா ஈரத்துக்குக் காசு குடுக்கக் கூடாதுன்னு சண்டை போட்டவன், போயும் போயும் பால்ல தண்ணியை வாங்குவேனா?

கடலைப் பொட்டலத்தை முழுசா அவன் கையிலயே குடுத்துட்டேன்.

மெட்ராஸ்ல இறங்கி, பெரியமேட்டுத் தோல் வியாபாரிங்ககிட்ட சாம்பிள் தோலைக் காட்டிட்டு, நேரா வெளிநாட்டுச் சரக்கு விக்கிற பர்மா பஜார். தேடித் தேடிக் கடைசியா ஒருத்தன்கிட்ட வெள்ளைச் சாக்லேட் இருந்துது. செங்கல்லு மாதிரி தடிப் பட்டை.

விலையைக் கேட்டேன். சொன்னான். நான் சத்தம் போட்டதுல பக்கத்துக் கடை ரேடியோவே நின்னுபோச்சு.

"எடையில பேப்பரைக் கழி!"ன்னேன்.

"இன்னாது?"

"மேல சுத்தியிருக்கிற பேப்பரு, ஜிகினாத் தாளு, இதெல்லாம் நான் திங்கப் போறேனா? எங்க மண்டியில உப்பைக் கழிச்சுட்டுத்தான் தோலுக்கு எடை சொல்லுவோம். மகாராஜாவே தோல் கொண்டாந்தாலும் கழிவு கழிவுதான். நீ பேப்பரைக் கழி."

"அண்ணே, இது சாக்லேட்டு. ஆட்டுத்தோல் இல்ல."

"வித்தா எல்லாம் சரக்குதான்!"

அரை மணி நேரம். கடைசியில ரெண்டு பட்டை விலைக்கு மூணு பட்டையை என் பையில போட்டு, "போய்ட்டு வாங்கண்ணே, புண்ணியமாப் போவும்"னு கும்புட்டான். ஜெயிச்சாச்சு! சாம்பிள் தோலோடயே வெச்சுக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"பவுடர் எங்க?"ன்னா ஸ்டெல்லா.

"பவுடரா? அதெல்லாம் பழைய காலம். இதைப் பாரு. மொத்தமும் பாலு!"

ரோசி பட்டையை எடுத்து மோந்து பாத்தா. "மாமா, தோல் வாசனை வருது."

"ஒரே பையில வந்துது, அப்படித்தான் வரும். நீ சாப்புடு."

அவ சாப்புடல. பேப்பரைத் திருப்பிப் படிச்சா. நர்ஸாகப் போறவ இல்லையா, எதையும் படிக்காம வாயில வைக்க மாட்டா.

"மாமா, மொதல்ல சக்கரைன்னு போட்டிருக்குது. அப்புறம் கோகோக் கொழுப்பு. பால் பவுடர் மூணாவதுதான் வருது. எது ஜாஸ்தியோ அதைத்தான் மொதல்ல போடுவாங்க."

"வெள்ளையா இருக்குதே!"

"அந்தக் கொழுப்பே வெள்ளையாத்தான் மாமா இருக்கும். சாக்லேட்டுக்குக் கறுப்பு குடுக்கிற கோகோத் தூளு இதுல இல்ல. அதான் விஷயம். அக்கா சொன்ன சாக்லேட் பால் இருக்குதே, அதுலயும் சக்கரை உண்டு. ஆனா ஒரு டம்ளர் பால் முழுசா உள்ள போகுதே! புரதம், கால்சியம் எல்லாம் பால்லதான். இதைத் தின்னா சதை போடலாம். சத்துன்னு பாத்தா பால் பக்கத்துல நிக்காது."

"வெள்ளையா இருந்தா பாலாய்டுமா?"ன்னு ஸ்டெல்லா உள்ளேர்ந்து குரல் குடுத்தா. "டேனரி சுண்ணாம்புத் தொட்டி கூட வெள்ளையாத்தான் இருக்குது. ஒரு கரண்டி போட்டுத் தரட்டுமா?"

எனக்கு வந்துது பாரு கோவம்! "ரயில்ல ஒரு படிச்ச மனுஷன் சொன்னான். நீங்க ரெண்டு பேரும் அவனை விடப் பெரிய ஆளா? இன்னும் ஒரு மாசத்துக்கு இந்த வீட்டுல பவுடர்னு யாரும் பேசக் கூடாது!"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்.

தினம் காலையில நானே கத்தியால ஒரு துண்டு வெட்டி ரோசி கையில குடுப்பேன். "திகட்டுது மாமா"ன்னு மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு ஓரம் கடிப்பா. ஒரு பட்டை காலி ஆவறதுக்குள்ள மாசம் முடிஞ்சுது.

செக்கப்புக்கு மொத நாள். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம தராசுலயே பாத்துடலாம்னு ரோசியை மண்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். எங்க நிறுவைக்காரர் ஷரீப் பாய். வயசானவர், கை சுத்தம். அவரு சொன்ன எடைக்கு டேனரிக்காரங்களே மறு பேச்சு பேச மாட்டாங்க.

தோல் கட்டு நிக்கிற பலகையில ரோசி செருப்பைக் கழட்டிட்டு ஏறி நின்னா. பாய் குண்டை நவுத்தினாரு. கண்ணைச் சுருக்கினாரு. வழக்கம் போல மனசுக்குள்ள என்னமோ முணுமுணுத்துட்டு எடையைச் சொன்னாரு.

அதே ரெண்டு கிலோ கம்மி!

"பாய், சரியாப் பாருங்க!"

"என் தராசையா சந்தேகப்படறீங்க, முதலாளி?"

ரோசி மூஞ்சி செத்துப்போச்சு. "வாலாஜாபேட்டைதான் மாமா"ன்னா.

எனக்குப் பொறுக்கல. தோல் மடிப்புக்குள்ள ஈர உப்பைத் திணிச்சு எடை ஏத்துறவங்களை எத்தனை பேரைப் புடிச்சிருப்பேன்! அந்த வித்தை எனக்குத் தெரியாதா? மிச்சம் ரெண்டு பட்டை அப்படியே இருந்துது. ஒவ்வொண்ணும் ஒரு கிலோ.

"ரோசி, நாளைக்கு இதை ரெண்டையும் துணியில சுத்தி இடுப்புல கட்டிக்க. மேல புடவை. யாருக்குத் தெரியும்?"

"மாமா, நான் நர்ஸாகப் போறேனா, கடத்தல்காரியாவா?"

"அரிசி மண்டிக்குப் போறியா?"

கட்டிக்கிட்டா.

ஒண்ணு மட்டும் நான் கணக்குல எடுக்கல. அது மே மாசம். ஊரு வேலூர்.

பஸ்சுல நிக்க எடமில்ல. ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு மணி நேரம் காத்திருப்பு. ஃபேன் சுத்துது, காத்து வரல. ரோசி எங்கிட்ட வந்து காதுல, "மாமா, என்னமோ கொழகொழன்னு ஆவுது"ன்னா. "அசையாத நில்லு"ன்னேன். கூட வந்திருந்த ஸ்டெல்லா எங்களை ஒரு மாதிரி பாத்தா. அவளுக்கு நாங்க எதையும் சொல்லல.

பேரைக் கூப்புட்டாங்க. ரோசி உள்ள போனா. நான் ஜன்னலுக்கு வெளிய.

"ஏறும்மா... இருந்தாப்புல இவ்ளோ ஏறியிருக்குதே? அய்யய்யோ, இன்னாம்மா இது, கால் வழியா வெள்ளையா ஒழுகுது?" உள்ள இருந்த பெரிய சிஸ்டர் குரல்.

ரோசி புடவையை இழுத்துக் காலை மூடினா.

சிஸ்டர் குனிஞ்சு தொட்டு மோந்து பாத்தாங்க. "சாக்லேட் வாசனை வருது. தோல் வாசனையும் வருது. ரெண்டும் எப்படிம்மா ஒண்ணா வரும்?"

கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போய்ட்டேன். "சிஸ்டர், அது ஒண்ணும் தப்பான பொருள் இல்ல. சத்து! மொத்தமும் பாலு!"

சிஸ்டர் என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. "சத்து உள்ள போகணும். வெளிய கட்டித் தொங்க விடக் கூடாது. யாரும்மா இவரு?"

"மாமா"ன்னா ரோசி.

"இன்னா வேலை?"

"தோல் மண்டி."

"அதான்."

அந்த 'அதான்' இன்னும் என் காதுல இருக்குது.

"போய்க் கழுவிட்டு வாம்மா. வெறுமனே நிறுப்போம். எவ்ளோ இருக்குதோ அதுதான் எழுதுவேன்." என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க.

வராண்டாவுல எறும்பு வரிசை கட்ட ஆரம்பிச்சுது. நான் சுவத்தைப் பாத்து நின்னேன். அந்தப் பொண்ணோட படிப்பை நானே கரைச்சு ஊத்திட்டேனே!

கதவு தெறந்துது. ரோசி வந்தா. அழுதுக்கிட்டே சிரிச்சா.

"பாஸ், மாமா! கால் கிலோ ஜாஸ்தி!"

"எப்படி? நம்ம தராசுல கம்மியா இருந்துச்சே!"

ஸ்டெல்லா அப்பதான் வாயைத் தொறந்தா. "தெருக்கடையில அன்னிக்கே ஒரு டப்பா பவுடர் வாங்கிட்டேன். ரெண்டு வேளையும் பாலு. நீங்க மண்டிக்குப் போனப்புறம்."

பால் வவுத்துல. வெள்ளைச் சாக்லேட்டு தரையில. எதுல சத்து ஜாஸ்தின்னு அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு.

கோவம் முழுசும் மண்டிக்குப் போச்சு. "பாய்! ஆஸ்பத்திரியில சரியா இருக்குது, உங்க தராசுல ஏன்யா கம்மி?"

ஷரீப் பாய் நிதானமா மூக்குப்பொடி போட்டுக்கிட்டாரு. "உப்புக் கழிச்சேன், முதலாளி."

"அவ மேல ஏதுய்யா உப்பு?"

"நீங்கதானே சொல்லிருக்கீங்க! யாரு மூஞ்சியையும் பாக்காத, தராசுல எது ஏறினாலும் கழிச்சுட்டுச் சொல்லுன்னு. மச்சினின்னு சலுகை காட்டினா நாளைக்கு நீங்களே திட்டுவீங்க."

ரோசி நர்ஸாகி, பெரிய சிஸ்டராகி, ரிடையரும் ஆய்ட்டா. இன்னிக்கும் நான் எதையாவது பேரம் பேசி வாங்கிட்டு வந்தா ஸ்டெல்லா பையைத் தொறக்கிறதுக்கு முன்னாடியே கேக்குறா: "மொத்தமும் பாலா?"

ஆகவே சஃபாரி சூட்டு, போதும் நீ ஒளிஞ்சது. மரியாதையா ஆம்பூர் வந்து சேரு. ஸ்டெல்லா எதிர்ல உக்காந்து, "அம்மா, அது நான் சொன்ன பொய்யி, உங்க வீட்டுக்காரர் அப்பாவி"ன்னு உன் வாயால சொல்லு. வரும்போது ஒரு டப்பா பவுடரும் வாங்கிட்டு வா. அன்னிக்கு எனக்குச் சொன்ன வேலை இன்னும் முடியல.